மரம் காய்ந்த பிறகும் வளையும் – வாசகர் கேள்வி பதில்

போன மாதம் இந்தப் பகுதியில், நல்ல குணம் ஒருவருக்கு எப்படி வருகிறது, வந்தது எப்படி நிலைக்கிறது என்பதைப் பற்றி உங்கள் வீட்டு அனுபவத்தை ஒட்டிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். தொண்டியிலிருந்து மூக்கையூர் வரைக்கும் கடற்கரை ஊர்க்காரர்கள்தான் அதிகம் எழுதியிருக்கிறீர்கள். நானும் இந்தக் கரையில் 31 வருஷம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவள் என்பதால் பல கடிதங்களைப் படிக்கும்போது எழுதியவர் முகமே தெரிந்தமாதிரி இருந்தது. எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல இடம் இல்லை, ஏழு கடிதங்களை எடுத்துக்கொண்டேன். வீட்டு விஷயம் என்பதால் பெயர் போடவில்லை, ஊர் மட்டும் இருக்கிறது.

கேள்வி: டீச்சர், என் மகனுக்கு 13 வயசு. கடைக்குச் சாமான் வாங்கப் போன இடத்தில் கடைக்காரர் தவறுதலாக நூறு ரூபாய் கூடக் கொடுத்துவிட்டார். அதை மறைத்து வைத்துக்கொண்டான். கேட்டதற்கு இல்லவே இல்லை என்று பொய் வேறு. "அப்பன் புத்தி, ரத்தத்துலயே இருக்கு" என்கிறார் என் மாமியார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்களே, பயமாக இருக்கிறது. – தங்கச்சிமடம்

பதில்: அம்மா, முதலில் வீட்டில் யாரும் அவனைக் கள்ளன் என்று சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொல்லியிருக்க மாட்டீர்கள், ஆனால் மாமியார் சொன்னது அவன் காதில் கட்டாயம் விழுந்திருக்கும்.

இதை நான் புத்தகத்தில் படித்துச் சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாலாவது வருஷம், ஏழாம் வகுப்பில் ஒரு பெண்பிள்ளையின் ஜாமெட்ரி பாக்ஸ் காணாமல் போனது. கடைசி பெஞ்சில் ஒரு பையன் இருந்தான், அதற்கு முன்னால் ஒருதடவை அடுத்தவன் பேனாவை எடுத்து மாட்டிக்கொண்டவன். நான் விசாரிக்கவே இல்லை. எல்லார் முன்னாலும் பையைக் கொட்டச் சொன்னேன். இரண்டு நோட்டு, மரத்துண்டில் செதுக்கிய விரல் நீள வத்தைப் படகு ஒன்று, காகிதத்தில் சுற்றிய கருவாட்டுத் துண்டு, இவ்வளவுதான் விழுந்தது. கருவாட்டைப் பார்த்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். "எங்கடா ஒளிச்சு வச்சிருக்க, கள்ளப்பயலே" என்று கேட்டேன். மறுநாள் அந்தப் பெண் வந்து, பாக்ஸ் வீட்டிலேயே கிடந்தது டீச்சர் என்றாள். பையன் இரண்டு வாரம் பள்ளிக்கூடம் பக்கம் வரவில்லை. வந்த பிறகு நிஜமாகவே எடுக்க ஆரம்பித்தான். சாக்பீஸ், சத்துணவு முட்டை, ஒருநாள் என் பர்ஸிலிருந்து பத்து ரூபாய். அவன் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன், அதுவும் எட்டு மாதம் கழித்து. பட்டம் கட்டியது நாற்பது பிள்ளைகள் முன்னால், அவிழ்த்தது அவன் அம்மா முன்னால் மட்டும். அது போதாது என்று அப்போதே எனக்குத் தெரிந்தது, ஆனாலும் வகுப்பில் வைத்துச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அடுத்த வருஷம் படிப்பை நிறுத்திவிட்டுக் கடலுக்குப் போய்விட்டான்.

ஒரு பிள்ளை ஒரு இடத்தில் செய்ததை வைத்து அவன் முழுக்க இப்படித்தான் என்று முடிவு கட்டுவது தப்புக் கணக்கு. அமெரிக்காவில் 1920களில் ஹார்ட்ஷோர்ன், மே என்ற இரண்டு பேர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். பரீட்சையில் காப்பியடிக்க ஒரு சந்தர்ப்பம், விளையாட்டில் ஏமாற்ற ஒரு சந்தர்ப்பம், காசை எடுத்துக்கொள்ள ஒரு சந்தர்ப்பம் என்று உண்டாக்கி, பிள்ளைகளுக்குத் தெரியாமல் கவனித்தார்கள். 1928இல் அந்த முடிவுகள் வெளிவந்தன. எல்லா இடத்திலும் யோக்கியமாக இருந்த பிள்ளைகளும் குறைவு, எல்லா இடத்திலும் ஏமாற்றிய பிள்ளைகளும் குறைவு. காசில் கை வைக்காத பிள்ளை பரீட்சையில் பார்த்து எழுதியது, பார்த்து எழுதாத பிள்ளை வேறு இடத்தில் வழுக்கியது. அப்படியென்றால் உங்கள் மகன் வழுக்கியது சில்லறைக் காசு என்ற ஒரு இடத்தில். அந்த இடத்தில்தான் அவனுக்குப் பயிற்சி வேண்டும்.

அந்த நூறு ரூபாயை அவன் கையாலேயே கடைக்காரரிடம் கொடுக்கச் செய்யுங்கள். நீங்கள் கூடப் போங்கள், ஆனால் கடை வாசலிலேயே நின்றுகொள்ளுங்கள். "அண்ணே, அன்னைக்குக் கூடக் கொடுத்துட்டீங்க" என்ற ஒரு வரியை அவனே சொல்லட்டும். நீங்கள் உள்ளே போய் அவனுக்காகப் பேசினால் அது உங்கள் நேர்மையாகத்தான் இருக்கும். முடிந்தால் கடைக்காரரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள், பையனைக் கேவலமாகப் பேசிவிடாமல் வாங்கி வைத்துக்கொள்ளட்டும். இதைவிட முக்கியம் மறுநாள். மறுநாளும் அவனிடமே காசு கொடுத்து அதே கடைக்கு அனுப்புங்கள். நிறைய அம்மாக்கள் இங்கேதான் தவறுகிறார்கள், இனிமேல் இவன் கையில் காசே கொடுக்கக்கூடாது என்று நிறுத்திவிடுகிறார்கள். காசு கையில் இல்லாதவன் காசில் யோக்கியமாக இருக்கப் பழகுவது எப்படி? தண்ணீரில் இறக்காமல் நீச்சல் வராது அம்மா.

அப்பா விஷயத்துக்கு வருகிறேன். அவரைப் பற்றி நீங்கள் எதுவும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. பிள்ளைகள் அப்பாவைப்போல ஆவது உண்டுதான், ஆனால் ரத்தத்தைவிடத் தினமும் கண்ணால் பார்ப்பது அதிகம் ஒட்டும் என்பதுதான் நான் இத்தனை வருஷம் பார்த்தது. அடுத்த கடிதமும் அதைப் பற்றித்தான்.

கேள்வி: எங்கள் பள்ளியில் வாரம் ஒரு நீதிபோதனை வகுப்பு எனக்குக் கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைகள் பதிலை ஒப்பிக்கிறார்கள், வெளியே போனதும் அடித்துக்கொள்கிறார்கள். சொல்லிக்கொடுத்து வருமா இது? – ராமேஸ்வரம்

பதில்: சொல்லிக்கொடுப்பது வேண்டும், எது சரி என்ற வார்த்தையாவது பிள்ளைகளிடம் இருக்க வேண்டுமே. ஆனால் அது பாதி வேலைகூட இல்லை.

உங்கள் ஊர்க்கதையே ஒன்று இருக்கிறது, எல்லாருக்கும் தெரிந்த கதை, ஆனால் அதில் வேறு ஒருவரைக் கவனிக்கச் சொல்கிறேன். அப்துல் கலாம் சிறுவனாக இருந்தபோது அவருடைய அறிவியல் ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் ஒருநாள் அவரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். ஆசாரமான பிராமணக் குடும்பம். முஸ்லிம் பையனுக்குத் தன் சமையலறையில் பரிமாற மாட்டேன் என்று ஐயரின் மனைவி சொல்லிவிட்டார். ஐயர் கோபப்படவில்லை, மனைவிக்குப் பிரசங்கமும் செய்யவில்லை. தானே பரிமாறி, பையன் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டார். அந்த அம்மா கதவுக்குப் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். கிளம்பும்போது அடுத்த வாரமும் வா என்றார் ஐயர். தயங்கித் தயங்கிப் போன பையனை அடுத்த வாரம் அந்த அம்மாவே சமையலறைக்குள் அழைத்துப்போய்த் தன் கையால் பரிமாறினார். இதைக் கலாமே எழுதியிருக்கிறார்.

எல்லாரும் ஐயரைப் பாராட்டுவார்கள், பாராட்ட வேண்டியதுதான். என் மனசு அந்த அம்மாவிடம்தான் போகும். பிறந்ததிலிருந்து வந்த பழக்கத்தை ஒரே வாரத்தில் விட்டவர் அவர். கதவுக்குப் பின்னால் நின்று அவர் என்ன பார்த்திருப்பார்? பையன் சோற்றைப் பிசைவதையும், தண்ணீர் குடிப்பதையும், கூடவே புருஷன் ஒன்றுமே நடக்காததுபோலச் சாப்பிடுவதையும். திட்டியிருந்தால் அவர் தன் பக்கத்து நியாயத்தைப் பேச ஆரம்பித்திருப்பார். திட்டாததால் யோசிக்க இடம் கிடைத்தது.

உங்கள் வகுப்புக்கு என் யோசனை இதுதான். அந்த முக்கால் மணி நேரத்தில் பத்து நிமிஷம் மட்டும் கதை சொல்லுங்கள், மீதி நேரத்தில் ஏதாவது செய்ய வையுங்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டுத் தட்டு கழுவிக் கொடுப்பது, வராத பிள்ளையின் வீட்டுக்கு நோட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பது, சண்டை போட்ட இருவர் சேர்ந்து ஒரு குடம் தண்ணீர் தூக்கி வருவது. அப்புறம், நீங்கள் தப்புச் செய்தால் பிள்ளைகள் முன்னாலேயே "நான் செஞ்சது தப்பு" என்று சொல்லுங்கள். நான் செய்யத் தவறியது அது.

கேள்வி: நான் நல்லது செய்கிறேன், ஆனால் உள்ளுக்குள் எரிச்சலோடுதான் செய்கிறேன். படுத்த படுக்கையாக இருக்கும் அப்பத்தாவுக்குத் துணி மாற்றும்போது முகம் சுளிக்கிறேன். பார்ப்பவர்கள் நல்ல பிள்ளை என்கிறார்கள். எனக்கு இது நடிப்பு மாதிரி இருக்கிறது. மனசு வராமல் செய்வது நல்ல குணமா? – முள்ளிமுனை

பதில்: தம்பி, இந்த முறை வந்ததில் என்னை ரொம்ப நேரம் யோசிக்க வைத்தது உங்கள் கடிதம்தான். எத்தனை பேர் இதைத் தங்களுக்குள்ளேயே கேட்டுக்கொண்டு, பதில் தெரியாமல், சரி எனக்கு நல்ல மனசு இல்லை என்று முடிவு செய்துவிடுகிறார்கள்.

நீங்கள் கடலோர ஊர்க்காரர், அதனால் இப்படிக் கேட்கிறேன். முதல்முதலாகக் கடலுக்குப் போன அன்று என்ன ஆனது? வாந்தி வந்திருக்கும். குடல் வெளியே வந்துவிடும்போல, இனி ஜென்மத்துக்கும் இந்தப் பக்கம் வரமாட்டேன் என்று இருந்திருக்கும். அன்றைக்கு யாராவது, உனக்கு மயக்கம் வருகிறது, அதனால் நீ கடலுக்குப் போவது நடிப்பு என்று சொன்னார்களா? இல்லை. போகப் போகச் சரியாகிவிடும் என்றார்கள், ஆனது. வயிறு பழகுவதற்கு முன்னால் நீங்கள் கடலுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தீர்கள்.

கிரேக்க நாட்டு அரிஸ்டாட்டில் 2,300 வருஷத்துக்கு முன்னால் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். வீடு கட்டிக் கட்டித்தான் ஒருவன் கொத்தனார் ஆகிறான், வாசித்து வாசித்துத்தான் யாழ் வருகிறது, அதுபோல நியாயமானதைச் செய்து செய்துதான் ஒருவன் நியாயமானவன் ஆகிறான் என்றார். ஒரு கல்லைப் பத்தாயிரம் தடவை மேலே எறிந்தாலும் அது தானாக மேலே போகப் பழகாது, மனுஷன் பழகுவான் என்பதும் அவர் சொன்னதுதான். அவர் இன்னொரு வித்தியாசமும் காட்டுகிறார், அது உங்களுக்கு முக்கியம். மனசு வேறு பக்கம் இழுத்தாலும் அடக்கிக்கொண்டு சரியானதைச் செய்கிறவன் ஒருவன். இழுப்பே இல்லாமல் சந்தோஷமாகச் செய்கிறவன் இன்னொருவன். இரண்டாமவன்தான் முழுசாக வந்தவன். ஆனால் முதலாமவனைப் போலி என்று அவர் சொல்லவில்லை, கட்டுப்பாடு உள்ளவன் என்றுதான் சொன்னார். நீங்கள் இப்போது அந்த இடத்தில் இருக்கிறீர்கள்.

எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்பீர்கள். லண்டனில் 96 பேரை வைத்து ஒரு ஆய்வு நடந்தது, தினமும் ஒரு சின்னக் காரியத்தைப் புதிதாகச் செய்யச் சொல்லி, அது யோசிக்காமல் தானாக வரும் பழக்கமாக எத்தனை நாள் ஆகிறது என்று பார்த்தார்கள். சராசரியாக 66 நாள், நம் மீன்பிடித் தடைக்காலத்தைவிடக் கொஞ்சம் கூட. ஆனால் சிலருக்கு 18 நாளில் வந்தது, சிலருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு வந்தது. நடுவில் ஒருநாள் விட்டுப்போனதால் பெரிதாக ஒன்றும் கெட்டுவிடவில்லை என்பதையும் கண்டார்கள். அவர்கள் பார்த்தது தண்ணீர் குடிப்பது, பழம் சாப்பிடுவது, நடப்பது மாதிரி எளிய பழக்கங்கள். நோயாளியைப் பார்த்துக்கொள்வது அதைவிடக் கஷ்டம், கூடுதல் நாள் ஆகட்டும்.

ஒரே ஒரு காரியம் மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். துணி மாற்றும்போது அப்பத்தாவிடம் பேச்சுக் கொடுங்கள். சின்ன வயசில் எந்தக் கரையில் இருந்தீர்கள், 64இல் தனுஷ்கோடியைப் புயல் அடித்தபோது நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கேளுங்கள். கை வேலை செய்யும், காது கதை கேட்கும், முகச்சுளிப்புக்கு நேரம் இருக்காது.

கேள்வி: நான் விசைப்படகில் பங்குக்குப் போகிறவன். இரட்டைமடி தடை என்று எல்லாருக்கும் தெரியும், இருந்தும் இழுக்கிறோம். குஞ்சு மீனெல்லாம் சங்காயமாக அள்ளி வருகிறோம். நான் ஒருத்தன் மட்டும் யோக்கியனாக இருந்து என்ன ஆகப்போகிறது? முதலாளியிடம் முன்பணம் வேறு வாங்கியிருக்கிறேன். – மண்டபம்

பதில்: இரட்டைமடி தெரியாதவர்களுக்காக ஒரு வரி. இரண்டு படகு சேர்ந்து ஒரே வலையை இழுப்பது அது, பெரிது சின்னது என்று பார்க்காமல் வாரிக்கொண்டு வரும். சங்காயம் என்றால் கழிவு மீன்.

தம்பி, நாளைக்கே படகைவிட்டு இறங்கு என்று நான் சொல்லப்போவதில்லை. முன்பணம் இருக்கிறது, வீட்டில் அடுப்பு எரிய வேண்டும், கரையில் உட்கார்ந்துகொண்டு அப்படிச் சொல்வது எனக்குச் சுலபம். ஆனால் உங்களிடம் ஒன்றைக் காப்பாற்றிக்கொள்ளச் சொல்வேன். "இது தப்பு" என்ற உறுத்தலோடு எழுதியிருக்கிறீர்களே, அதை. எல்லாரும்தானே செய்கிறார்கள் என்று தனக்குத் தானே சொல்ல ஆரம்பித்தால் கொஞ்ச நாளில் அந்த உறுத்தல் போய்விடும், போனால் திரும்பி வர ரொம்ப நாளாகும்.

அப்புறம், தனியாக நின்று யோக்கியனாக இருப்பது எவ்வளவு பெரிய ஆளுக்கும் கஷ்டம். தனுஷ்கோடி மணலில் கையால் ஊற்றுத் தோண்டுவதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் கடல், நடுவில் கை நீளம் தோண்டினால் நல்ல தண்ணீர் வரும். இன்னும் கொஞ்சம் தள்ளித் தோண்டினால் உப்பு. வானத்திலிருந்து விழுந்த மழை ஒன்றுதான், மண்தான் வேறு. "நிலத்தியல்பால் நீர்திரிந் தற்றாகும்" என்று திருவள்ளுவர் சொன்னதை மதுரைக்காரருக்குப் புரியவைக்க நான் பாடுபட்டிருக்கிறேன், நம் கரைப் பிள்ளைகளுக்கு அரை நிமிஷத்தில் புரியும். சேர்ந்திருப்பவர்களைப் பொறுத்துத்தான் ஒருவருடைய அறிவும் திரியும் என்கிறார்.

அதனால் மண்ணை மாற்றப் பாருங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் படகு கரையில்தான் கிடக்கும். ஆட்கள் படகு மாறுவதற்கு அது தோதான நேரம். இரட்டைமடி இழுக்காத முதலாளி உங்கள் கரையிலேயே யாராவது இருப்பார், விசாரியுங்கள். முன்பணத்தை மாற்றிக்கட்ட முடியுமா என்று பேசுங்கள். முடியாவிட்டால் உங்கள் படகிலேயே உங்களைப்போல நினைப்பவர் ஒருவராவது இருக்கிறாரா என்று பாருங்கள். நிச்சயம் இருப்பார், அவரும் உங்களைப்போலவே வாயைத் திறக்காமல் இருப்பார். இரண்டு பேர் ஆனால் சங்கக் கூட்டத்தில் எழுந்து பேசலாம், ஒருவர் எழுந்தால் உட்காரச் சொல்லிவிடுவார்கள்.

ஒருத்தனால் என்ன ஆகும் என்று கேட்டீர்கள். பாம்பன் சின்னப்பாலம் பக்கத்துப் பெண்களைப் பாருங்கள். தீவுகளைச் சுற்றிக் கடல்பாசி எடுத்துப் பிழைப்பவர்கள், விரலில் துணி சுற்றிக்கொண்டு பாறை கிழிக்கக் கிழிக்க மூழ்கி எடுப்பார்கள். நம்மைவிடப் பணக்காரர்கள் இல்லை. அவர்கள் தங்களுக்குள்ளே பேசி, மாதத்துக்கு 12 நாள்தான் எடுப்பது, அப்போது 45 நாளாக இருந்த தடைக்காலத்தில் எடுப்பதே இல்லை என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவருக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி அமைப்பு விருது கொடுத்தது. ஒவ்வொருத்தியும் தனியாக அடக்கிக்கொள்ள முயன்றிருந்தால் இது நடந்திருக்காது. பக்கத்துவீட்டுக்காரியும் இன்று போகவில்லை என்று தெரிந்ததால்தான் நானும் போகாமல் இருக்க முடிந்தது என்று அவர்களில் ஒருவர் என்னிடம் சொன்னார்.

கேள்வி: ஐந்து வேளை தொழுகிறவர்களும் கோயில் கோயிலாகச் சுற்றுகிறவர்களும்கூட ஆபத்தில் உதவுவதில்லை. பக்தி இருந்தால் நல்ல குணம் வந்துவிடும் என்பது உண்மையா? – ஏர்வாடி

பதில்: பக்தியைக் குறை சொல்ல எனக்கு மனசில்லை. என் குணத்தில் ஏதாவது நல்லது இருந்தால் பாதி என் அம்மாவின் பூஜை அறையில் கிடைத்தது. ஆனால் நீங்கள் கேட்டதற்கு நேரான பதில் ஒன்று உண்டு.

1973இல் வெளிவந்த ஒரு சோதனை. அமெரிக்காவில் பிரின்ஸ்டனில் பாதிரியார் படிப்புப் படிக்கும் 40 மாணவர்களை, பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்ப் பேச வேண்டும் என்று அனுப்பினார்கள். சிலர் பேச வேண்டிய தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. போகும் வழியில் ஒருவர் சுருண்டு உட்கார்ந்து இருமிக்கொண்டு இருந்தார், அதுவும் ஏற்பாடுதான். நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவினார்கள். நேரமாகிவிட்டது, ஓடு என்று சொல்லப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான். சமாரியன் கதை பேசப் போகிறவரா வேறு தலைப்பில் பேசப் போகிறவரா என்பதால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

இதைப் படித்ததிலிருந்து நான் எங்கே போனாலும் பத்து நிமிஷம் முன்னதாகக் கிளம்புகிறேன். பஸ் ஸ்டாண்டில் வழி தெரியாமல் நிற்கும் வயசானவர் முன்பெல்லாம் என் கண்ணிலேயே பட்டதில்லை, இப்போது படுகிறார். நம்மை அவசரம் குருடாக்குகிற அளவுக்குக் கெட்ட மனசுகூடக் குருடாக்குவதில்லை என்று நினைக்கிறேன்.

கேள்வி: சீதக்காதி ஊரில் பிறந்தும் கொடுக்க என்னிடம் ஒன்றும் இல்லை. கொடைக்குணம் பணம் இருப்பவர்களுக்குத்தானே? – கீழக்கரை

பதில்: செத்தும் கொடுத்தான் என்று பெயர் வாங்கியவரோடு உங்களை ஒப்பிட்டுக்கொள்ள வேண்டாம் தங்கச்சி. என் அம்மா உலைக்கு அரிசி போடும்போது ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார். மாதக் கடைசியில் அது யாருக்காவது போகும். எங்கள் வீட்டிலேயே அரிசி குறைந்த மாதங்களில் பிடி சின்னதாகும், ஆனால் நிற்காது. அந்தப் பானையைப் பார்த்து வளர்ந்த ஐந்து பேரில் கை இறுகியவர்கள் யாரும் இல்லை. இன்றைக்கே ஒரு டப்பாவை எடுத்து வையுங்கள்.

கேள்வி: வயது 61. வாழ்நாள் முழுக்கக் கோபக்காரன். மனைவி போய்ச் சேர்ந்துவிட்டாள், இப்போது பேரப்பிள்ளைகளும் என்னைக் கண்டால் ஒதுங்குகிறார்கள். ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? – தேவிபட்டினம்

பதில்: ஐயா, அந்தப் பழமொழியைச் சொன்னவர் படகு கட்டும் ஆசாரியைப் பார்த்ததில்லை என்று நினைக்கிறேன். நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நன்றாகக் காய்ந்த பலகை, தட்டினால் மணிபோலச் சத்தம் கேட்கும். அதற்கு அடியில் அனல் காட்டி, மேலே ஈரத்துணியால் ஒற்றி, ஒரு முனையைக் கட்டிவிட்டு மறுமுனையைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குவார். இறுக்கிவிட்டு டீ குடிக்கப் போவார், வந்து இன்னும் கொஞ்சம் இறுக்குவார். அவசரப்பட்டால் பட்டென்று பிளந்துவிடும். சாயங்காலம் பார்த்தால் பலகை படகின் வயிற்றோடு ஒட்டி வளைந்திருக்கும். பச்சை மரம் சுலபமாக வளையும், உண்மைதான். காய்ந்த மரத்துக்குச் சூடும் நேரமும் வேண்டும்.

சூடு உங்களுக்குக் கிடைத்துவிட்டது, பேரப்பிள்ளைகள் ஒதுங்குவதுதான் அது. நேரத்துக்கு என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

"நான் கோபக்காரன்" என்று மொத்தமாகச் சொல்வதை நிறுத்துங்கள். ஒரு பழைய டைரியில், எந்த நேரத்தில், எந்த இடத்தில், யார் மேல் கோபம் வந்தது என்று மட்டும் பதினைந்து நாள் குறித்து வையுங்கள், வேறு எதுவும் எழுத வேண்டாம். பாதிக்கு மேல் ஒரே நேரத்தில் விழும் என்பது என் ஊகம். பசி நேரமாக இருக்கலாம், மத்தியானத் தூக்கம் கெட்ட நேரமாக இருக்கலாம், டி.வி. சத்தமாக இருக்கலாம். எனக்கு அது பள்ளிக்கூடம் விட்டு வந்த முதல் அரைமணி நேரமாக இருந்தது. அந்த நேரத்தில் யாரோடும் பேசாமல் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விடுவேன். என் பிள்ளைகளுக்கு இது தெரியும், "அம்மா தண்ணி ஊத்திட்டு வரட்டும்" என்று காத்திருப்பார்கள்.

முன்னால் சொன்ன அரிஸ்டாட்டிலிடமே இன்னொரு யோசனை உண்டு. மனசு எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கம் நம்மை இழுக்க வேண்டும், கோணல் மரத்தை நிமிர்த்துகிறவர்கள் அப்படித்தான் செய்கிறார்கள் என்கிறார். உங்கள் விஷயத்தில் எதிர்ப்பக்கம் என்பது சும்மா கோபப்படாமல் உட்கார்ந்திருப்பது இல்லை. கொஞ்சம் அதிகமாகவே இறங்கி வாருங்கள். பேரன் தட்டைக் கீழே போட்டு உடைத்தால், அடக்கிக்கொண்டு முறைப்பதோடு நிறுத்தாமல், குனிந்து துண்டுகளை நீங்களே பொறுக்குங்கள். "காலில் குத்திடும், தள்ளி நில்லு" என்று சொல்லுங்கள். முதல் தடவை அவன் உங்களை நம்ப மாட்டான், அறை எப்போது விழும் என்றுதான் பார்த்துக்கொண்டு நிற்பான். அவன் நம்பாததைப் பார்த்து உங்களுக்கே கோபம் வரும், அந்த இடத்தில்தான் ரொம்ப ஜாக்கிரதை வேண்டும்.

உங்கள் மனைவியிடம் சொல்லாமல் விட்ட வார்த்தை ஏதாவது இருந்தால் அதை மகனிடம் சொல்லிவிடுங்கள். தள்ளிப்போடாதீர்கள், நான் எட்டு மாதம் தள்ளிப்போட்டவள். பதினைந்து நாள் கழித்து அந்த டைரியில் என்ன விழுந்திருக்கிறது என்று எனக்கு ஒரு தபால் போடுங்கள், அடுத்த இதழுக்கு முன்னால் பதில் எழுதுகிறேன்.